வாலில் எழுதிய உபயம்

போன வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது அதியமான்கோட்டையில் டீ குடிக்க இறங்கினோம். டீக்கடையை ஒட்டின தகர ஷெட்டில் ஒரு ஆள் காரின் பம்பருக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தான். ரெசின் நெடி குப்பென்று வந்தது. என் மருமகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மூக்கில் ஒன்றும் இல்லை; முழங்கையின் உட்பக்கம்தான் அரிக்க ஆரம்பித்தது. கண்ணாடி நாரைத் தொட்டு எத்தனையோ வருஷமாகிறது. கை மறக்கவில்லை.

டீ கிளாஸோடு போய் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். விரல் நீள விரிசலுக்கு, குளிர்காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவதுபோல, நார்ப்பாயை அடுக்கிக்கொண்டே போனான். பாதி ரெசின் தரையில் கிடந்தது.

“எதுக்குப்பா இத்தனை?” என்று கேட்டேன்.

“கெட்டியா இருக்க வேணாங்களா?” என்றான்.

கெட்டி. எண்பதுகளில் இந்த ரோட்டோரத்தில் நான் பார்த்த அத்தனை மடத்தனத்துக்கும் அந்த ஒரு சொல்தான் சமாதானம். அந்த ஆளைத் திட்டுவதில் பயனில்லை. அவனுக்கு முன்னால் ஒரு பரம்பரையே இருக்கிறது, அதன் மூல புருஷரிடம் நான் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறேன்.

அவர் பெயர் மாணிக்கம். இப்போது பெரிய ஓட்டல் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ‘மாணிக்கம் அண்டு சன்ஸ் ஃபைபர் ஒர்க்ஸ்’ என்று போர்டு தொங்கும். அவருக்குப் பிறந்தது இரண்டும் பெண்கள். சன்ஸ் எங்கே என்று யாராவது கேட்டால், “போர்டுன்னா ஒரு எடுப்பு வேணும்ல” என்பார். தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட்டு, மாரியம்மன் கோயிலுக்குச் சிங்க வாகனம், எங்கள் மாதா கோயில்களுக்குச் சுரூபங்கள் எல்லாம் செய்வோம். எதுவானாலும் ஒரே முறைதான். அச்சுக்குள் நார்ப்பாயைத் திணி, ரெசினை ஊற்று, காய்ந்ததும் உரித்தெடு, மேடு பள்ளத்தைப் பட்டி வைத்து அடை, அதற்கு மேல் பெயிண்ட் அடி. அதுவும் முன்பக்கம் மட்டும். முதுகு சுவரைப் பார்த்து நிற்கப் போகிறது, அதற்கு எதற்கு உழைப்பு என்பது முதலாளியின் சித்தாந்தம். எங்கள் பட்டறையில் பிறந்த அந்தோணியார் எல்லாரும் முன்னால் பார்த்தால் புனிதர், பின்னால் பார்த்தால் கருவாட்டுக் கூடை.

இன்னொரு வியாதியும் அவருக்கு இருந்தது. உபயம். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உபயம், மாரியம்மன் கோயில் டியூப்லைட்டில் உபயம். டியூப்லைட்டில் நீளமாகப் பெயர் எழுதி, அடியில் ஊர் எழுதி, மனைவி பெயரும் எழுதியதில் வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் போனது. எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அவர் எங்கள் வேதமில்லை, ஆனால் உபயத்துக்கு ஏது வேதம். மணி என்ன என்று பார்க்க வேண்டுமானால் முதலாளியின் பெயருக்கு நடுவே முள்ளைத் தேட வேண்டும். நாங்கள் பூசைக்குப் பிந்தியதற்கெல்லாம் அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பொம்மிடிப் பக்கம். பத்தாவது முடித்து, டைப் கற்று, இரண்டும் உதவாமல் நான் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். காலையில் முதல் பஸ், தர்மபுரியில் மாறி இன்னொரு பஸ். தொட்டி வேலைக்கு ஆண்கள். சுரூபத்தின் மூக்கு, விரல், அங்கி மடிப்பு என்று நுணுக்கமான இடங்களில் துணி பதிக்கப் பெண்கள் மூன்று பேர். அதில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொன்னால் அப்படி. உள்ளதைச் சொன்னால் மற்ற இருவரும் செய்ததையும் பிரித்து நான்தான் திரும்பச் செய்தேன். இந்தத் திமிருக்கு எனக்குக் கிடைத்தது அரிப்புதான். கண்ணாடி நார் தோலுக்குள் போய்விட்டால் சுலபத்தில் வெளியே வராது. தேங்காய் எண்ணெய் தடவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவோம், அப்படியும் சொறிவோம்.

“இந்தக் கையப் பாத்தா எவன் வூட்டுல இருந்து பொண்ணு கேட்டு வருவான்?” என்பாள் அம்மா. வராவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொள்வேன். வந்துதான் தொலைத்தான், அது வேறு கதை.

இப்படியிருக்கையில் ஒருநாள் பெங்களூர் வண்டி ஒன்று வாசலில் நின்றது. இறங்கியவர் ஒல்லியாக, அரை டிராயர் போட்டிருந்தார். எங்கள் ஊரில் அந்த வயதில் யாரும் அரை டிராயர் போட்டு நடமாடியதில்லை, பட்டறையே எழுந்து நின்று பார்த்தது. கன்னடம் கலந்த தமிழ். கைகளில் ஏந்தி வந்திருந்தது ஒரு பொம்மை விமானம். என்ஜின் இல்லாதது, காற்றிலேயே மிதப்பது, கீழே நின்றுகொண்டு ரேடியோவால் அதைத் திருப்பலாம் என்றார்.

“ரேடியோன்னா பாட்டு வருங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“பாட்டு பரல்ல, வராது,” என்றார் அவர். நாங்கள் அவருக்கு பிளேன் சார் என்று பெயர் வைத்தோம்.

வெளிநாட்டில் வாங்கியது. எங்கேயோ மோதி இறக்கையும் வாலும் சிதறிவிட்டன. அதே போல இங்கே அச்சில் வார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர் காரில் போகும்போதெல்லாம் எங்கள் வாசலில் நிற்கும் சிங்கத்தைப் பார்த்திருக்கிறார். சிங்கத்தைப் பார்த்துவிட்டு விமானம் செய்யச் சொன்ன மனிதரை என்ன சொல்வது. முன்பக்கம்தான் பார்த்திருப்பார்.

முதலாளி சரி என்றார். அவர் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. செய்யப் போவது அவரில்லையே.

செய்தது நான். பிளேன் சார் வாராவாரம் வந்து சொல்லிக் கொடுப்பார், நான் செய்வேன், அவர் இடித்துத் தள்ளுவார், நான் மறுபடி செய்வேன். மரத்தில் இழைத்து முகம் தெரிகிற அளவு மெருகேற்றிய மாதிரி இறக்கையை அவரே கொண்டுவந்தார். அதன்மேல் புளியங்கொட்டை ஓட்டைப் பிளந்ததுபோல மேல் பாதிக்கு ஒன்று, கீழ்ப் பாதிக்கு ஒன்று என்று அச்சு எடுத்தோம். அச்சு ஒட்டாமலிருக்கப் பட்டறையில் நாங்கள் தடவுவது மாதா கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கியது. அதைப் பார்த்ததும் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். டப்பா மெழுகு கொண்டுவந்து, தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்க்கச் சொன்னார். நிறம் வேண்டுமானால் முதலிலேயே அச்சுக்குள் லேசாகப் பூசிவிட வேண்டும், வெளியே வரும்போது பட்டியும் கூடாது பெயிண்டும் கூடாது. மல் துணியைவிட மெல்லிய கண்ணாடித் துணி. நனைகிற அளவுக்குத்தான் ரெசின், மிச்சத்தைச் செய்தித்தாள் வைத்து ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் அச்சைப் போட்டு வாயை அடைத்து, பழைய ஃபிரிஜ்ஜின் கம்ப்ரஸரைத் திருப்பி மாட்டி உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சினால், துணி அச்சோடு ஒட்டிப் படிந்துவிடும். உரமூட்டைக்கு அதைவிட நல்ல கதி நான் பார்த்ததில்லை.

“காத்துல பறக்கற சாமானுக்குக் காத்தப் புடுங்கறாங்களாம்,” என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இறக்கைகள் தேறின. வால்தான் தொல்லை. அந்த விமானத்துக்கு வால் என்பது இரண்டு கைகளையும் மேலே விரித்துத் தூக்கினாற்போல இரண்டு சின்ன இறக்கைகள், ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண். உடம்பின் கடைசியில் இருப்பதால் அங்கே கொஞ்சம் கனம் கூடினாலும் முழு விமானமும் பின்னால் சாய்ந்துவிடும். சரிக்கட்ட மூக்கில் அதைப்போலப் பல மடங்கு ஈயம் வைக்க வேண்டும்.

“நோடம்மா, வால்ல சொல்ப கூட வெயிட் ஜாஸ்தி ஆகக்கூடாது,” என்றார் சார். அப்புறம், அச்சைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: “வெயிட்டுக்குள்ள வந்துச்சுன்னா நீ பெங்களூர் வந்துடு. ஃப்ரெண்டோட ஒர்க்‌ஷாப் இருக்கு. நெஜ கிளைடருக்கு ரெக்கை பண்றான். உன் மாதிரி கை அவனுக்குக் கெடைக்கல்ல.”

அவர் மறந்திருப்பார். நான் அன்று தர்மபுரியில் பஸ் மாறக்கூட மறந்துவிட்டேன். பெங்களூர் என்பதற்காக இல்லை. பட்டி என்ற சாமானே இல்லாத, கெட்டி என்ற சொல் காதில் விழாத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது, அங்கே என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது.

அந்த வாலைச் செய்தேன். நிறம்கூடப் பூசவில்லை, அதுவும் கனம்தானே. அச்சிலிருந்து உரித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது பின்னால் என் விரல்கள் தெரிந்தன. உள்ளங்கையில் வைத்தால் வைத்தது தெரியவில்லை. ஊதினேன், எழும்பிற்று. நான் செய்த பொருட்களில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி இருந்தது அது ஒன்றுதான். அழுகை வந்தது, அரிக்கிற கையால் துடைத்துக் கண்ணும் எரிந்தது.

முதலாளி பார்த்தார். “என்னா புள்ள இது, வெங்காயச் சருகாட்டம்? குடுத்த காசுக்கு அவன் நம்மளத் திட்டுவான்.”

“சார் இப்படித்தானுங்க கேட்டாரு.”

“அவுரு கேப்பாரு. பேரு நம்ம பேருல்ல?”

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பறக்கவிடும் வாரத்தில் இரண்டு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளில் மாணிக்கம் தன் அக்கா மகனை வைத்து அதே அச்சில் வேறொரு வால் வார்த்துவிட்டார். தொட்டிக்குப் போடும் நார்ப்பாய், தொட்டிக்கு ஊற்றும் ரெசின். பட்டி. அதற்கு மேல் சிவப்பு எனாமல். அதற்கும் மேல் மஞ்சளில் ஒரு பக்கம் ‘உபயம்’, மறுபக்கம் ‘மாணிக்கம் அண்டு சன்ஸ்’. காசு வாங்கிக்கொண்டு செய்த சாமானில் உபயம் என்று எழுத எங்கள் முதலாளி ஒருவருக்குத்தான் தோன்றும்.

“நான் செஞ்ச வால் எங்கீங்க?” என்று கேட்டேன்.

“அதா? ஒங்க ஊரு கோயில் குடிலுக்குச் சொல்லியிருந்தாங்கல்ல ஒரு சம்மனசு, அதுக்கு வச்சு ஒட்டிட்டேன். கச்சிதமா ஒக்காந்துச்சு.”

சம்மனசு என்றால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே நூலில் தொங்குமே, அந்தத் தேவதூதர். காகிதக்கூழில் செய்த முழங்கை நீளப் பொம்மை. அதன் தோள்களில் என் வால், பிரிக்க முடியாதபடி ரெசின் போட்டு ஒட்டி, டெலிவரியும் ஆகிவிட்டது. ஆடி மாதத்திலேயே கிறிஸ்துமஸ் சாமானை அனுப்பிய அவசரம் வேறு எந்த வேலையிலும் அவர் காட்டியதில்லை.

மறுநாள் எல்லாரும் ஜீப்பில் போனோம். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, சித்தேரி மலையில் ஒரு சரிவு. கீழிருந்து வருகிற காற்று சரிவில் மோதி மேலே ஏறும், அதில்தான் விமானம் மிதக்க வேண்டும். முதலாளி, அக்கா மகன் கோவிந்தன், முதலாளிக்கு வேண்டிய நாலு பெரிய மனிதர்கள், நான். பிளேன் சார் வாலைப் பார்த்தார். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாததால் முதலில் புரியவில்லை. கையில் வாங்கியதும் புரிந்தது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து விமானத்தைத் தாங்கினார். அது வாலைத் தரையில் ஊன்றி நாய் மாதிரி உட்கார்ந்தது.

மூக்கில் ஈயம் வைத்தார். போதவில்லை. கொண்டுவந்த ஈயம் முழுக்க வைத்தார், அதுவும் போதவில்லை. ஜீப்பின் டூல்ஸ் பெட்டியிலிருந்து நட்டுகளைப் பொறுக்கிப் போட்டார்கள். “இன்னொன்னு போடுங்க, கெட்டியா நிக்கும்,” என்று முதலாளி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த விமானம் விழாமல் நின்றது. தூக்கினால் அம்மிக்குழவி.

விழட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். என் இறக்கைகளும் சேர்ந்துதான் நொறுங்கும், பரவாயில்லை, விழட்டும். விழுந்தால் சார் வாலைத்தான் குற்றம் சொல்வார், என் வால் எங்கே என்று கேட்பார், நான் இன்னொன்று செய்து காட்டுவேன். மாதாவே, அந்தக் கனத்தைக் கீழே போடு என்று வேண்டினேன். வேறெதையும் அத்தனை பக்தியோடு நான் கேட்டதில்லை.

கோவிந்தன் ஓடிப்போய் எறிந்தான். அது பறந்தது.

சும்மா பறக்கவில்லை. ஆடிக்காற்று அன்று ஆளைத் தள்ளுகிற வேகம். அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய், திரும்பி, சரிவின் நீளத்துக்கும் விசிலடித்துக்கொண்டு வந்தது. அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு என் இறக்கைகள் லேசாக வளைந்து நிமிர்ந்ததைக் கீழிருந்தே பார்த்தேன். தூக்குவது அவை. பெயர் வாலில். பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். வெயிலில் அந்தச் சிவப்பு வால் மட்டும் பளபளவென்று எல்லார் கண்ணிலும் பட்டது.

“பாத்தியா புள்ள? நான் அப்பவே சொன்னேன், கெட்டியா இருக்கணும்னு,” என்றார் முதலாளி.

பிளேன் சார் என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “இந்தக் காத்துக்கு வெயிட் நல்லதும்மா. லேசா இருந்தா பின்னால தள்ளிட்டுப் போயிருக்கும். சாதாரண நாள்ல இது கல்லு.” அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. முட்டாளை மன்னித்துவிடலாம்.

இறக்கிய பிறகு, ஜீப் நிழலில், எல்லாரும் கலர் சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது நானே வாயைத் திறந்து கேட்டேன். “சார், பெங்களூர் ஒர்க்‌ஷாப்புன்னு சொன்னீங்களே.”

சார் பதில் சொல்லுமுன் முதலாளி சொன்னார்: “பொம்பளப் புள்ளய அங்க கூட்டிட்டுப் போய் எங்கீங்க தங்க வெப்பீங்க? நாளைக்கு ஒரு பேச்சு வரும். நம்ம கோவிந்தன் இருக்கான், வாலு செஞ்சதே அவந்தான், கூட்டிட்டுப் போங்க.”

ஒரு மயிரிழை தடிமன் கூடியதற்காக என் இறக்கையைத் தூக்கி எறிந்தவர் பிளேன் சார். அச்சில் ஒரு தூசி இருந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பவர். அவர் என்னைப் பார்த்தார், கோவிந்தனைப் பார்த்தார், கலர் பாட்டிலைப் பார்த்தார்.

“அதுவும் சரிதான்,” என்றார்.

அவ்வளவுதான். இரண்டு சொல். இந்த உலகத்தில் நான் கேட்ட பட்டி வேலையிலேயே மட்டமான பட்டி வேலை அது.

கோவிந்தன் பெங்களூர் போனான். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அரிப்பு தாங்க முடியவில்லையாம். கையை நீட்டி எல்லாருக்கும் காட்டினான், ஊரே உச்சுக் கொட்டியது. மாமன் மகளைக் கட்டிக்கொண்டு பட்டறையிலேயே உட்கார்ந்தான். போர்டில் இருந்த சன்ஸுக்கு ஒருவழியாக ஆள் கிடைத்தது. நான் அடுத்த மாதம் நின்றுவிட்டேன். போகிற அன்று முதலாளி எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். என்ன எழுதியிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலில் குடில் கட்டினார்கள். களிமண், வைக்கோல், கேழ்வரகு முளைத்த தட்டு, மேலே நூலில் என் வாலைச் சுமந்த சம்மனசு. நான் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றிருந்தேன். பூசைக்கு முன்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டதால் போனேன். கதவு திறந்து காற்று வந்ததும் சம்மனசு மெல்லத் திரும்பி, காற்றை எதிர்கொண்டு, ஒரு சாண் மேலே எழும்பியது. நூல் தொய்ந்தது. கதவைச் சாத்தினால் இறங்கியது. பிள்ளைகள் உபதேசியாரைப் பிடுங்கி எடுத்து, பூசைச் சாமான் வைக்கும் சக்கரிஸ்தில் இருந்த ஸ்டாண்டு ஃபேனைக் கொண்டுவந்து குடிலுக்கு எதிரே வைக்கச் சொன்னார்கள். ஃபேன் போட்டதும் அது எழும்பி, நடுங்காமல், குழந்தை யேசுவுக்கு மேலே நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். புதுமை, அற்புதம் என்று சொல்லி ஒரு கிழவி முழங்காலில் விழுந்தாள். புதுமை இல்லை, வெயிட்டுக்குள் வந்திருக்கிறது. சொன்னால் யாருக்குப் புரியும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன், பூசை முழுக்க ஒரு செபமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வருஷா வருஷம் குடிலுக்கு ஃபேன் வைப்பது எங்கள் கோயில் வழக்கமாகிவிட்டது.

கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஊருக்கு வந்துவிடுவேன். அம்மாவைப் பார்க்க என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

எண்பதுகள் முடிகிற சமயம் ஒரு வருஷம் வந்தபோது சம்மனசு பளபளவென்று இருந்தது. இறக்கைகளுக்குக் கனமாக வெள்ளி எனாமல் அடித்திருந்தது, ஓரங்களில் பட்டிகூட வைத்திருந்தார்கள். இடது இறக்கையில் சிவப்பில் ‘உபயம்’. வலது இறக்கையில் ‘எம். கோவிந்தன், மாணிக்கம் அண்டு சன்ஸ்’. உபயதாரரே வேட்டி சட்டையில் கைகட்டி நின்றிருந்தான். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“பழசாப் போயி உள்ள இருக்கறதெல்லாம் தெரிஞ்சுதுங்க்கா. நல்லாக் கெட்டியா ரெண்டு கோட்டிங் குடுத்துட்டேன். எப்படிங்க இருக்குது?”

உபதேசியார் ஃபேனைப் போட்டார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். வேகத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். வைக்கோல் பறந்தது, ஒரு ஆட்டுக்குட்டி கவிழ்ந்தது. சம்மனசு இரண்டு இறக்கையிலும் பெயரைச் சுமந்துகொண்டு நேராகத் தொங்கியது.

அடுத்த வருஷத்திலிருந்து குடிலுக்கு ஃபேன் வைப்பதில்லை. கரண்டு மிச்சம் என்றார்கள்.